இருபத்திரண்டாவது அங்கி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பெரிய பைகளில் இருபத்தொரு வெள்ளை அங்கிகள் லாண்டரிக்கு வந்தன. இருபத்திரண்டாவது மாடிப்படி வழியாக வந்தது. சிட்டு அதைக் கரித்துணியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து குவியலின் மேல் போட்டாள்.

"இதையும் துவைச்சு மிஸ்கிட்டயே குடுத்துடும்மா. வேற யாராவது போட்டுக்கட்டும்."

லாண்டரி அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன், உனக்கென்ன வந்துச்சு?"

"நான் இனிமே சர்ச்சுக்கு வரமாட்டேன்."

"நாளன்னைக்குப் பிள்ளைங்க ஞாயிறுடி."

"அதுக்குத்தான் வரமாட்டேன்."

சொன்ன வேகத்திலேயே திரும்பிப் படியேறிவிட்டாள். ஒன்பது வயது. மொத்தம் பதினாலு படிகள். ஒவ்வொரு படியும் அவள் கோபத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு தொம்மென்றது.

கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு அறைகள். முன்னறையில் வாடிக்கையாளர் நிற்கும் பலகை, இஸ்திரி மேசை, பேப்பர் சுற்றி அடுக்கிய துணிகள். பின்னறையில் இரண்டு மெஷின்கள், ஒரு சிமெண்டுத் தொட்டி, சுவரோரமாகப் பாய்லர். ஐந்து நாளாக மழை விடவில்லை. மொட்டை மாடிக் கொடிகள் வெறுமனே நனைந்துகொண்டிருக்க, ஊர்த் துணியெல்லாம் பாய்லர் அறைக்குள் தலைக்கு மேல் தொங்கின. குனியாமல் நடந்தால் யாருடைய பாவாடையாவது முகத்தைத் துடைத்துவிடும். மழைக்காலத்தில் லாண்டரி நடத்துவதைவிட ஓட்டைப் பானையில் தண்ணீர் சுமக்கலாம் என்பது லாண்டரி அக்காவின் கட்சி.

அவள் கணவரை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எந்நேரமும் பாய்லர் பக்கத்திலேயே இருப்பதால் "பாய்லர்" என்றே ஆகிவிட்டது. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. கோபம் என்பது அவருக்கு வராத சரக்கு. வேலை செய்யும்போது பாடுவார். ராகம் ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார், கடைசி வரியில் எங்காவது சந்தித்துக்கொள்வார்கள். சர்ச்சில் கடைசிப் பெஞ்சிலிருந்து அவர் பாட ஆரம்பித்தால் முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்தான் என்று தெரிந்ததும் மறுபடி முன்னால் பார்த்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, பிள்ளைகள் ஞாயிறுக்கு முன்னால், சிறுவர் பாட்டுக்குழுவின் அங்கிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது இந்த வீட்டின் வழக்கம். கைம்மாறு எதுவும் வாங்குவதில்லை. ஒவ்வொரு அங்கியையும் அந்தந்தப் பிள்ளையின் அம்மாவே அளவெடுத்துத் தைத்திருந்தாள். கழுத்துக்குள் ஒரு வெள்ளை நாடா, அதில் பிள்ளையின் பெயர்.

கடை பூட்டும் நேரத்தில் லாண்டரி அக்கா மகளைக் கூப்பிட்டாள். விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் முப்பது மடிக்க இருந்தன. ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று நுனியைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலக வேண்டும். மகளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவள் விரிப்புகளைத்தான் எடுப்பாள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

"யாரு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." விலகினார்கள். உதறினார்கள். சேர்ந்தார்கள். "போன வாரம் போதகர் பிஸ்கட் டப்பாவுல சீட்டு போட்டு எடுக்கச் சொன்னாரு."

"என்ன சீட்டு?"

"சபைங்கறது ஒரு உடம்பு மாதிரியாம். செவுத்துல பெருசா ஒரு ஆள் வரைஞ்சு ஒட்டியிருந்தாரு. யாருக்கு எந்த உறுப்பு வருதோ, அங்க போய் நம்ம பேர எழுதணும். குட்டிப்பையன் எலி இருக்கான்ல, அவனுக்குக் கண்ணு வந்துச்சு. பேக்கரி வீட்டுப் பொண்ணுக்கு வாய். அவதான் தனிப்பாட்டு பாடறா, அவளுக்கே வாய் வருது பாரேன். ரெட்டையருக்கு ஆளுக்கொரு காலு."

"உனக்கு?"

விலகினார்கள். உதறினார்கள். சேர்ந்தார்கள்.

"முழங்கை."

லாண்டரி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"சிரிக்காத. எல்லாரும் சிரிச்சாச்சு. அந்த பேக்கரி வீட்டுக்காரி என்னை 'ஏய் முழங்கை'ன்னு கூப்பிடறா."

"சரி, அதுக்காகவா வரமாட்டேங்கற?"

"அது பரவால்ல." நுனியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். "நேத்து ஒத்திகையில மிஸ் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய், 'ஞாயித்துக்கிழமை நீ வாய மட்டும் அசை கண்ணு, சத்தம் வேண்டாம்'னு சொன்னாங்க."

மிஸ் என்பது மருந்துக்கடைக்காரி. வாரமெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள், வியாழனும் சனியும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். நல்ல மனுஷி. அதுதான் சிக்கல். கெட்டவர்கள் சொன்னால் திட்டிவிட்டுப் போகலாம்.

மகளுக்கு ராகம் நிற்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டில் பாட்டுப் பாடம் படிக்கும்போது, "மெதுவாடி, பாய்லர் வெடிச்சுதுன்னு ஜனம் ஓடி வந்துடும்" என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் பிள்ளை சிரித்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? நாம துணி சும்மா துவைச்சுக் குடுக்கறோம்ல, அதனாலதான் என்னைச் சேத்துக்கிட்டாங்களா?"

விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

"போடி பைத்தியம்" என்றாள். அது பதிலில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. மீதிப் பன்னிரண்டு விரிப்புகளையும் மடித்து முடித்தார்கள்.

மறுநாள் காலை டீயும் ரொட்டியும் வைத்துவிட்டு லாண்டரி அக்கா கணவரிடம் கண்ணைக் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா சிட்டு, முழங்கைன்னா அவ்வளவு கேவலமா? முழங்கை மடங்கலன்னா சோறு எப்படி வாய்க்குப் போகும்? இப்பப் பாரு." கையை விறைப்பாக நீட்டி, மடக்காமல் ரொட்டியை எடுத்து, தலையைச் சாய்த்து, உடம்பையே திருப்பி வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார். ரொட்டி காதைத் தொட்டது. அப்படியே டீ டம்ளரையும் எடுத்தார். முக்கால் டம்ளர் மடியில் போயிற்று.

"ஐயோ, சூடு, சூடு!"

"காலங்காத்தால இது என்னங்க கூத்து?" என்று லாண்டரி அக்கா துணியோடு ஓடினாள்.

சிட்டுவின் கன்னம் உப்பியது. சிரிப்பை விழுங்கிவிட்டு, "அப்பா, நீங்க மட்டும் சத்தமாப் பாடறீங்களே, உங்கள யாரும் வாய மட்டும் அசைக்கச் சொல்லலயே?" என்றாள்.

"என்கிட்டச் சொல்ல எவனுக்கு தைரியம் இருக்கு?"

"பயந்து இல்லங்க. சொல்லியும் பிரயோசனம் இல்லன்னு விட்டிருப்பாங்க" என்றாள் மனைவி.

சிட்டு சிரித்தேவிட்டாள். ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, "நான் வரல" என்று மறுபடி சொன்னாள்.

அந்த டீ கொட்டிய அவசரத்தில்தான் தப்பு நடந்திருக்க வேண்டும். வேட்டியை மாற்றிக்கொண்டு இறங்கிய பாய்லர், அங்கிகளில் போன வருஷ மெழுகுவர்த்திக் கறை இருப்பதைப் பார்த்தார். சர்ச்சுத் துணி, பளிச்சென்று இருக்கட்டும் என்று தொட்டியில் கறை நீக்கும் தூளைக் கலந்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். பாட்டில் ஐந்து சரணம். ஐந்தும் முடிந்தபிறகுதான் குழாயை மூடினார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு லாண்டரி அக்கா முதல் அங்கியை மேசையில் விரித்துக் கழுத்தைப் புரட்டினாள். நாடா வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது. பால்பல் மாதிரி வரிசையாக இருபத்திரண்டு வெள்ளை நாடாக்கள்.

"ஏங்க!"

அவர் கொடிகளுக்கடியில் குனிந்து குனிந்து வந்தார்.

"பேரெல்லாம் எங்க?"

அவர் ஒரு கழுத்தைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். "நல்லா வெளுத்திருக்குல்ல?" என்றார் பலவீனமாக.

"இந்த வருஷம் புதுசா நாடா வச்சு, பள்ளிக்கூடப் பேனாவுல எழுதியிருக்காங்க. அது சூட்டுக்கு நிக்குமா? முழங்கைய வச்சுப் பாத்தீங்களா, இல்லையா?"

மாடிப்படியில் உட்கார்ந்து கதைப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த சிட்டு தலையைத் தூக்கினாள்.

"விரல வச்சுப் பாத்தேன்..."

"உங்க விரல்லயும் என் விரல்லயும் என்ன இருக்கு? இருபது வருஷ சோப்புல மரத்துப்போன கட்டை. கொதிச்சாலும் வெதுவெதுப்புன்னுதான் சொல்லும். இந்தக் கடையில தண்ணி பாக்கறது முழங்கைதான்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? பட்டு வந்தாலும் கம்பளி வந்தாலும் முழங்கை வைக்காம நான் ஒரு துணி நனைச்சிருக்கேனா?"

எப்போதும் துணி வந்தவுடன் கழுத்துக்குள் கலர் நூலால் இரண்டு தையல் போடுவார்கள். அதுதான் கடைக் குறி. சிவப்பு என்றால் இன்ன வீடு, பச்சை என்றால் இன்ன வீடு. ஆனால் சபை அங்கிக்கு யார் குறி போடுவார்கள்? நம்முடையதுதானே என்று எந்த வருஷமும் போட்டதில்லை.

"நாலு மணிக்கு ஒத்திகை" என்றாள் லாண்டரி அக்கா. "இருபத்திரண்டு அம்மா. ஒருத்தி தைச்சத இன்னொருத்தி புள்ள போட்டுட்டு நின்னா நாளைக்குப் பிரசங்கத்த எவ கேப்பா? என் புள்ள அங்கி அங்க போகுது பாருன்னுதான் கழுத்தத் திருப்புவா."

கையில் கிடைத்த ஒன்றை எடுத்து உயர்த்திப் பார்த்தாள். "இது யாருதோ, என்ன எழவோ..."

"ரெட்டையருல சின்னவனோடது" என்றது படிக்கட்டு.

இருவரும் திரும்பினார்கள். சிட்டு புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான்.

"எப்படிடி தெரியும்?"

"வலது கை நீளமா இருக்கும் பாரு. அண்ணன்காரன் எங்க போனாலும் இவன் கையப் பிடிச்சு இழுத்துட்டே போவான்."

லாண்டரி அக்கா இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள். வலது கை ஒரு விரற்கடை நீளமாகத் தொங்கியது.

சிட்டுவுக்கு இது புதிதில்லை. நடக்கப் பழகியதே துணிக்குவியலுக்கு நடுவில்தான். சீட்டுப் பார்க்காமலேயே இன்ன சட்டை இன்னார் வீடு என்று எடுத்துக்கொடுப்பாள். அதோடு நின்றால் பரவாயில்லை. "மாமா, இந்த வாரமும் பையில பேனாவ விட்டுட்டீங்க", "அத்தை, நீங்க இளைச்சுட்டீங்க" என்று பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். லாண்டரி அக்கா காதைத் திருகியிருக்கிறாள். "துணியில பாத்தத வாயில சொல்லக் கூடாது. நம்மள நம்பி அழுக்கக் குடுக்கறாங்க. அது கடையத் தாண்டப்படாது." அந்த வம்புக்காரக் கண்ணை ஒரு வரம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"மீதியும் சொல்லு."

"நீ சீட்டு எழுதிக் குத்திக்க. நான் இங்கருந்தே சொல்றேன்."

"துணி இன்னும் ஈரமா இருக்கு. சீட்டு குத்தினா மை ஒட்டிக்கும்." அது உண்மைதான். முழு உண்மையா என்று கேட்டால் அவளே யோசித்துத்தான் சொல்வாள். "நீ வந்து வாசல்ல நின்னு சொல்லு போதும்."

"உள்ள வரமாட்டேன்."

"வேண்டாம்."

"பாடமாட்டேன்."

"யாருடி உன்னப் பாடச் சொன்னா?"

சிட்டு யோசித்தாள். "அப்பாதான் தப்பு பண்ணினாருன்னு நான் சொல்லமாட்டேன்."

"நானே சொல்லிக்கறேன் தாயே" என்றார் பாய்லர்.

நாலு மணிக்கு மழை தூறலாகக் குறைந்திருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தகரக் கூரையில் மழை பெய்வதே கேட்கவில்லை. பாய்லர் இரண்டு பைகளையும் வாசல் மேசையில் இறக்கிவைத்து, நடந்ததை மிஸ்ஸிடமும் போதகரிடமும் ஒரே மூச்சில் ஒப்புவித்தார். மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அளவு பாத்து மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"வேண்டாம் மிஸ். இவ சொல்லுவா" என்றாள் லாண்டரி அக்கா.

சிட்டு வாசற்படிக்கு வெளியே, குடைக்குக் கீழே நின்றாள். ஒரு கால்கூட உள்ளே இல்லை. அம்மா ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள்.

"இது எலி. மணிக்கட்டுல பல்லுத் தடம் இருக்கு பாரு. பசிச்சா கடிப்பான்."

ஆறு வயது எலி முன்பல் இல்லாமல் ஓடி வந்தான். "ஆமா, கடிச்சேன்!" என்று பெருமையாக வாங்கிக்கொண்டான்.

"இது தச்சர் வீட்டண்ணன். ரெண்டு தடவ மடிப்பப் பிரிச்சு விட்டிருக்காங்க. இனிமே விட மடிப்பு இல்ல, அண்ணன் வளர்றத நிறுத்தணும்."

கூடம் சிரித்தது. தச்சரின் மகன் வெட்கத்தோடு முழங்காலை மடக்கிக் குள்ளமாக நடந்து வந்தான். இன்னும் சிரித்தது.

"இது டாக்டர் வீட்டுத் தங்கச்சி, பை கிழிஞ்சிருக்கும், கூழாங்கல் போட்டுட்டே வருவா. இது ரெட்டையருல பெரியவன். இது அவன் தம்பி."

வரிசை தானாக உண்டாகிவிட்டது. தன்னுடைய அங்கியில் என்ன இருக்கிறதென்று கேட்க ஒவ்வொரு பிள்ளைக்கும் அவசரம். போதகர்கூட எட்டிப் பார்த்து, "என் அங்கியில என்னம்மா இருக்கும்?" என்றார்.

"மழைச் சேறு ஐயா. நீங்க எப்பவும் குடைய மறந்துட்டு வருவீங்க."

போதகர் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார்.

பதினேழாவதோ பதினெட்டாவதோ, லாண்டரி அக்கா ஒரு அங்கியை விரித்தபோது அவள் கையே நின்றது. இரண்டு பக்கமும், கை தொங்கினால் விரல் எட்டும் இடத்தில், துணி இழையிழையாக நைந்திருந்தது. இஸ்திரிக்கும் அடங்காத சுருக்கம், மூடிய கைக்குள் அடங்குகிற அளவில். யாரோ ஒரு பிள்ளை, நின்று பாடும் நேரமெல்லாம், பயத்தில் துணியை முட்டிக்குள் திருகிப் பிடித்திருக்கிறது.

"பேக்கரி வீடு" என்றாள் சிட்டு. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பேக்கரிக்காரரின் மகள் முன்னால் வந்தாள். பத்து வயது, நல்ல உயரம், ரிப்பன் கசங்காத பின்னல்.

"எல்லாருக்கும் காரணம் சொன்னியே, எனக்குச் சொல்லு. என்னோடதுன்னு எப்படித் தெரியும், முழங்கை?"

வரிசை முன்னால் நெருங்கியது. லாண்டரி அக்கா மகளைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாரக் கடனைத் தீர்த்துக்கொள்ள அது போதும்.

சிட்டு அங்கியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தாள். இப்போதும் அவை பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தையல் ரொம்ப நெருக்கமா, அழகா இருக்கு. உங்கம்மா கைதான் அப்படித் தைக்கும்" என்றாள்.

பேக்கரி வீட்டுப் பெண் அங்கியை வாங்கினாள். நைந்த இடம் அவள் கண்ணில் பட்டது. சிட்டுவை ஒரு தடவை பார்த்துவிட்டு, துணியை நெஞ்சோடு சேர்த்து மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மேசையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. லாண்டரி அக்கா அதை விரிக்கவில்லை. சிட்டு குடையை உயர்த்திப் பிடித்துத் தெருப்பக்கம் திரும்பினாள், வீட்டுக்குப் புறப்படுகிறவளைப் போல.

"இருபத்தொண்ணு ஆச்சு" என்றாள் மிஸ். "இது யாரோடது?"

"ஐய, இதுகூடத் தெரியாதா?" எலி மேசைக்கடியில் புகுந்து வந்து அங்கியை இழுத்தான். முன்பட்டையைப் புரட்டினான். "உள்ள ஊக்குக் குத்தின ஓட்டை இருக்கு பாருங்க. சிட்டக்காவோடது. எனக்குப் பட்டன் போனப்ப இங்கருந்துதான் எடுத்துக் குத்திவிட்டா."

"எனக்கும்" என்றான் இரட்டையரில் சின்னவன். "ரெண்டு தடவ."

"பையில எப்பவும் பிளாஸ்திரியும் வச்சிருப்பா" என்றாள் டாக்டர் வீட்டுத் தங்கச்சி. "என் கால்ல அடிபட்டப்ப ஒட்டினா."

"மேல போறதுக்கு முன்னாடி அவதான் காலர சரிபண்ணுவா. நான் குனிஞ்சு காட்டணும்" என்றான் தச்சரின் மகன்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இருபத்தொரு அங்கிகளையும் அடையாளம் சொன்னபோது வராத சிவப்பு, சிட்டுவின் காது மடல்களில் ஏறியது. எலிக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை. அங்கியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டிப் போய், "குனி" என்றான். அவள் குடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். தலைவழியாக மாட்டிவிட்டான். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அதோடு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான்.

நேற்று விரிப்புகளுக்கு நடுவில் விடை சொல்லாமல் விட்ட கேள்வி லாண்டரி அக்காவுக்கு நினைவு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பாய்லர் வெளிப்படையாகவே அழுதுகொண்டு, "தூள் கண்ணுல பட்டிருச்சு" என்றார்.

மிஸ், சிட்டுவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அங்கியைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

"அன்னைக்கு உன்கிட்ட வாய மட்டும் அசைன்னு சொன்னேன்ல? மருந்துக்கடைக்காரி அளவு தப்பாக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்க. நாளைக்கு நீ பாடு."

"சத்தமாவா?"

மிஸ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். உண்மையையும் சொல்ல வேண்டும், பிள்ளையையும் நோகடிக்கக் கூடாது. "அரை மாத்திரை" என்றாள்.

"அரைன்னா எவ்வளவு?"

"பக்கத்துல நிக்கறவ குரல் உனக்குக் கேக்கற அளவு."

சிட்டு அதை வாய்க்குள் போட்டு ருசி பார்ப்பதுபோல யோசித்தாள். "அப்ப நான் எங்க நிக்கணும்?"

மிஸ் பதில் சொல்வதற்குள், பேக்கரிக்காரரின் மகள் கூடத்தின் நடுவிலிருந்து, யாரையும் பார்க்காமல், "இங்க இடம் இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டுவிட்டது. ஈரச் சன்னல்கள் வழியாக வெயில் வந்து பெஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது. லாண்டரி அக்காவும் பாய்லரும் வழக்கம்போலக் கடைசிப் பெஞ்சில் இருந்தார்கள். போதகர் குடையை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். வெயிலாயிருந்ததால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்.

இருபத்திரண்டு அங்கிகளும் வரிசையாக வந்து படிகளில் நின்றன. வெளுப்பில் குறை சொல்ல முடியாது. அதுவும் பாய்லரின் புண்ணியம்தான். எந்த அம்மாவும் கழுத்தைத் திருப்பவில்லை.

தனிப்பாட்டு வந்தது. பேக்கரிக்காரரின் மகள் ஒரு படி முன்னால் வந்து நிற்க வேண்டும். அவள் வந்தாள். வரும்போது தனியாக வரவில்லை, கூடவே இன்னொரு அங்கியும் ஒரு படி இறங்கியது. மிஸ்ஸின் புருவம் உயர்ந்தது, ஆனாலும் கையை இறக்கவில்லை. பாட்டு தொடங்கியது. கண்ணாடித் தண்ணீர்போன்ற குரல், ஒரு இடத்திலும் கலங்கவில்லை. சபை மூச்சை அடக்கிக் கேட்டது.

லாண்டரி அக்கா குரலைக் கேட்கவில்லை, கைகளைப் பார்த்தாள். பாடுகிறவளின் இடது கை விரிந்து சும்மா தொங்கியது. வலது கை பக்கத்தில் நின்றவளின் முழங்கையைப் பிடித்திருந்தது. கப்பலில் கம்பியைப் பிடிப்பதுபோல, துணியோடு சேர்த்து, இறுக்கி. சிட்டு வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேராக நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் ஒட்டிய ஆளின் முழங்கைகூட இத்தனை கம்பீரமாக இருந்ததில்லை.

பிறகு எல்லாரும் சேர்ந்து பாடும் அடி வந்தது. இருபத்தொரு குரல்கள் ஒரு பக்கம் போயின. அரை மாத்திரைக் குரல் ஒன்று, பக்கத்தில் ஓடும் ஆட்டுக்குட்டிபோல, விழுந்தும் எழுந்தும் கூடவே போயிற்று. இரண்டாவது வரியில் அது முக்கால் மாத்திரையாயிற்று. மூன்றாவதில் அளவெல்லாம் மறந்துபோனது. மிஸ் ஒரு கணம் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு சிரித்தாள், பிறகு கையை இன்னும் அகலமாக வீசினாள்.

"ஏம்மா, பிள்ளை பாடறா" என்றார் பாய்லர், காதோடு. "தனியா விடறதா?"

"ஏங்க, வேண்டாங்க, பிள்ளைங்க பாட்டுங்க..."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். முன்பெஞ்சுக்காரர்கள் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை உடனே முன்னால் திரும்பவில்லை. அப்பாவையும் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்தார், அப்புறம் அவர் பெஞ்சே எழுந்தது. எலி பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டினான். கடைசி வரியில் எல்லாரும் எப்படியோ ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை அங்கிகள் மறுபடி லாண்டரிக்கு வந்தன, அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க. வெயிலுக்கு மாடிக்கொடிகள் நிறைந்திருந்தன. லாண்டரி அக்கா ஊசியும் கலர் நூல்களுமாகப் படியில் உட்கார்ந்தாள். இந்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் குறி. எலிக்கு மஞ்சள், இரட்டையருக்கு நீலமும் பச்சையும், பேக்கரி வீட்டுக்குச் சிவப்பு. நைந்த இரண்டு இடங்களிலும் உள்பக்கமாக ஒட்டு வைத்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தைத்தாள்.

உள்ளேயிருந்து பாய்லர் ஒரு அங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இந்த முழங்கைச் சுருக்கம் ரெண்டு தடவ இஸ்திரி போட்டும் போகமாட்டேங்குது. அஞ்சு விரலும் அப்படியே இருக்கு. இதுக்கு என்ன கலர் நூல் போடலாம்?"

அவள் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தாள். மரத்த விரலுக்கும் தெரிந்தது.

"மடிச்சு வைங்க" என்றாள். "அதுக்குக் குறி வேண்டாம்."